கண்ணிக்கழி

ஒத்சுரேன் பட்டணம் போய் இரண்டு நாள்.
மோட்டார் சைக்கிளில், பனித்தடத்தில்,
போக மட்டும் நூற்றுப்பத்து கிலோமீட்டர்.
போகும்போதே தீர்ப்பு எழுதிவிட்டான்:
"பெட்டி செத்துவிட்டது. புதுசு வாங்கணும்."
புதுசு என்றால் இரண்டு ஆடு.

பெட்டி என்றது கன்ட்ரோலரை.
கெர் கூடாரத்தின் மரச்சட்டத்தில்
பலகையிலிருந்து இறங்கும் வயருக்கும்
பாட்டரிக்குப் போகும் வயருக்கும் நடுவே தொங்குகிறது.
உள்ளங்கை அகலம்.
பகல் கொட்டுவதையெல்லாம் பாட்டரி விழுங்கி வீங்காமல்,
இரவு விளக்கு அதை ஒட்ட உறிஞ்சிவிடாமல்
காவல் நிற்பது.
பச்சைக் கண் ஒன்று, சிவப்புக் கண் ஒன்று.
நாலு நாளாய்ப் பச்சை விழிக்கவில்லை.

பாட்டரி என் கட்டிலுக்கும் அடுப்புக்கும் இடையில்
கம்பளி சுற்றிக் கிடக்கிறது,
முந்தாநாள் பிறந்த குட்டியோடு இன்னொரு குட்டியாய்.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
அந்தக் குளிரில் விட்டால்
கேட்டதற்கெல்லாம் இல்லை என்றுவிடும்.
பலகை நேர் எதிர்.
வெயில் வேண்டும், சூடு ஆகாது.
கோடையில் காய்ந்து சோம்பும்,
பல் கிட்டும் இந்தப் பகல்களில்தான் துள்ளும்.
ஒரே வீட்டில் இப்படி இரண்டு குணம்.
எங்களைச் சொல்லவில்லை.

இன்வெர்ட்டரை நானே அணைத்துவிட்டேன்.
டிவிக்காக வாங்கியது.
சும்மா இருக்கும்போதும் முனகும்,
முனகலுக்கும் தீனி போட வேண்டும்.
விளக்கு நேரே பாட்டரியில் எரியும்,
அதற்குத் தரகர் தேவையில்லை.
அந்த விளக்கும் நேற்று
பழைய வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிட்டது.
போன் எப்போதோ அணைந்தது.

மதியம் எருக்கூடையோடு வெளியே வந்தவள்
பலகையின் பனியை முழங்கையால் துடைத்தேன்.
முப்பத்தாறு கட்டங்கள். ஒன்றிலிருந்து ஒன்றாக
வெள்ளிக் கோடுகள் ஓடுகின்றன.
கைமாற்றிக் கைமாற்றித் தண்ணீர்வாளி கொண்டுபோகும் வரிசை போல.
நடுவில் ஒருத்தன் கையை மடக்கிக்கொண்டால்?

மடக்கியிருந்தது.
மணிக்கட்டுப் பருமனில் ஒரு நிழல்
மேலிருந்து கீழாக, நாலு கட்டத்தை மறித்து.
நிமிர்ந்து பார்த்தேன்.
குதிரை பிடிக்கிற கண்ணிக்கழி.
ஒத்சுரேனுடையது. அவன் கையால் சாய்த்தது.
ஐந்து நாள் முன்பு, பழுப்புக் குதிரையைப் பிடித்த களிப்பில்.

கழியை எடுத்துக் கிழக்குப் பக்கம் வைத்தேன்.
கதவைத் தள்ளினால்,
பச்சை.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இரண்டு ஆடு நினைவுக்கு வந்தது.
போனைச் செருகி, உயிர் வரும்வரை காத்திருந்து
குன்றேறி அழைத்தேன்.
"தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றாள் ஒருத்தி,
எங்கள் எல்லை அவளுக்கு எப்படித் தெரியுமோ.

மூன்றாம் நாள் இருட்டுமுன் வந்தான்.
புருவமெல்லாம் பனி. மார்புக்குள், சட்டைக்குள்
உடல் சூட்டில் பொதிந்து அந்தப் பெட்டி.
அதை எடுத்த விதத்தில் என் வாய் அடைத்துப்போனது.
அவன் குதிரையைக் கட்டிக்கொண்டு வருவதாய்ச் சொல்லித் திரும்புவதற்குள் பாட்டரி வயரைக் கழற்றிவைத்தேன்.
பச்சை அணைந்தது.

விடிந்ததும் பூட்டினான்.
முதலில் பாட்டரி, அப்புறம் பலகை,
வரிசை மாறினால் கருகிவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
கண்ணாடி ஃபியூஸைத் துடைத்துப் பொருத்தினான்.
வெயில் மலையைத் தாண்டியதும் பச்சை.
"பார்த்தாயா" என்றான்.
"பார்த்தேன்" என்றேன்.

பழைய பெட்டி என் மரப்பேழையில்,
நீலத்துணிக்குள் நலமாயிருக்கிறது.

வசந்தத்தில் இடம் மாறினோம்.
கூடாரம் எழுந்ததும் பலகையைச் சாய்த்தான்.
இரண்டடி பின்னால் போனான், நின்றான்,
தரையைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான்.
பிறகு கண்ணிக்கழியைத் தோளில் போட்டு
ஒன்றும் பேசாமல் நடந்துபோய்
வடக்குப் பக்கம், நிழல் யார்மேலும் விழாத இடத்தில்
சாய்த்துவிட்டு வந்தான்.

தேநீர் ஊற்றினேன்.
இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தோம்.